தலைமாட்டுக் கயிறு

இல்ல தம்பி, நான் பஸ்சுக்கு நிக்கல. நீங்க உக்காருங்க. நாய் ஒண்ணும் பண்ணாது, மோந்து பாக்கும், அவ்வளவுதான்.

அந்தக் கூட்டமா? எதுத்தாப்புல கல்லறைத் தோட்டத்துல அடக்கம் நடக்குது. எங்கண்ணன் ரூரி. ஆமா, கூடப் பொறந்தவன்தான். நாய வச்சுக்கிட்டு எப்படி உள்ள போறது, நீங்களே சொல்லுங்க.

வெளியூரா நீங்க? அப்ப தெரியாது. எங்க பக்கம் சவப்பொட்டியக் குழிக்குள்ள வேத்தாள் எறக்க மாட்டான். எட்டுக் கயிறு கட்டியிருக்கும், வேண்டியவங்க எட்டுப் பேரு புடிச்சு எறக்கணும். யாருக்கு எந்தக் கயிறுன்னு நம்பர் போட்ட சீட்டு முன்னாடியே கைக்கு வந்துரும். தலைமாட்டுக் கயிறு ரொம்ப நெருங்கினவனுக்கு. சீட்டே வரலன்னா ஊர் முன்னால மானம் போச்சு.

எங்கப்பாவுக்கு ஹோல்ட், ‘புடி’ங்கிற ஒத்தச் சொல்லு போதும். ஆட்ட அமுக்கிப் புடின்னாலும் அதான், நிலம் வச்சிருக்கிறதும் அதான், வாய மூடுறதும் அதான். மனசுல பகை வச்சிருக்கிறதும் அதே சொல்லுதான். நிலம் அண்ணனுக்குப் போச்சு. எனக்கு வாச்சது அந்தக் கடைசிதான், பகை.

வருஷப் பொறப்பன்னிக்கு வீட்டுக்கு நல்லது வரணும்னு எங்க ஊர் வழக்கப்படி விஸ்கியும் ஒரு கரித்துண்டும் எடுத்துக்கிட்டு அண்ணன் என் வாசலுக்கு வருவான். தட்டுவான். நான் வெளக்க அணைச்சிட்டு உள்ளயே உக்காந்திருப்பேன். அடுத்த வருஷமும் வருவான், ரோஷங்கெட்ட பய.

செத்துட்டான்னு சேதி வந்துச்சு. நமக்கெங்க சீட்டு வரப்போகுதுன்னு நானே முந்திக்கிட்டேன். கால்ல விழுந்து கேட்டாலும் அவன் கயிறத் தொட மாட்டேன்னு பப்புல அத்தன பேரு முன்னால சொல்லிட்டேன். வாய்க்கொழுப்பு தம்பி, வேறென்ன.

ஏன் எல்லாரும் இங்கயே பாக்குறாங்கன்னா கேக்குறீங்க? ஜெபம் முடிஞ்சு ரொம்ப நேரமாச்சு. பொட்டி இன்னும் குழிக்கு மேல போட்ட பலகை மேலதான் இருக்கு. கறுப்புக் கோட்டுல நிக்கிறாங்களே, அவங்கதான் எங்கண்ணி இஷ்பெல். காலையில வீட்டுக்கு வந்தாங்க. உங்கண்ணன் சொல்லிட்டுத்தான் போனாருன்னாங்க, இத என் கையில திணிச்சாங்க, போயிட்டாங்க. பாருங்க. ஒண்ணாம் நம்பர். தலைமாடு.

வெக்கம் புடுங்கித் திங்குது தம்பி. பப்புல அப்படிச் சொல்லிட்டு எப்படிப் போயி நிக்கிறது.

அடடா, உங்க பஸ்சு வருதே. அது போகட்டும், அடுத்தது வரும். இந்த நாயக் கொஞ்சம் புடிச்சுக்கோங்க. எங்கண்ணன எறக்க ரெண்டு கையும் வேணும்.