வடக்குப் பார்த்த அன்ரெனா

மலிவான அன்ரெனா என்றால் மட்டமாகத்தான் கேட்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. அன்ரெனாவில் காசை மிச்சம் பிடிக்கலாம், வயரில்தான் பிடிக்கக் கூடாது. நீளமான மெல்லிய வயர், அன்ரெனா பிடித்துத் தந்ததில் பாதியை வழியிலேயே தின்றுவிடும்.

நீங்கள் கேட்டபடியால் சொல்கிறேன், லக்சிகா. என் பேரன் இந்த வீட்டில் இருக்கட்டுமா, அல்லது அவனைத் தாயிடம் திருப்பிக் கொடுக்கலாமா என்று முடிவெடுக்க உங்கள் சிறுவர் பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து முன்பும் சிலர் வந்தார்கள். தொட்டிலை ஆட்டிப் பார்த்தார்கள். குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து பார்த்தார்கள். மேல் அறைக்குப் போய் ஜன்னலைப் பூட்ட முடிகிறதா என்றும் பார்த்தார்கள். அந்த ஜன்னலில் இருப்பது என்ன என்று கேட்டது நீங்கள் மட்டும்தான்.

"அன்ரி, எங்கட அப்பாவும் ரீவிக்கு உப்பிடி ஒண்டு வச்சிருக்கிறார். ஆனா அது ரீவி சிக்னல் வாற சிஎன் டவர் பக்கம் பாக்குது. உங்கடை மற்றப் பக்கம் பாக்குதே, உதிலை என்ன தெரியும்?" என்றீர்கள்.

நல்ல கேள்வி. சரியாகக் கேட்டால் நான் பொய் சொல்வதில்லை.

அது ரீவிக்கானது இல்லை, ஸ்கானருக்கானது. ஸ்கானர் என்பது ஒரு சின்ன வானொலிதான். அலைவரிசைகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துக்கொண்டு போகும். எங்கே ஆள் சத்தம் கேட்கிறதோ அங்கே நின்றுவிடும். என் கணவர் மிசிசாகாவில் விமான நிலையத்தில் வேலை செய்தவர். ஓய்வெடுத்த பிறகு, விமானிகள் பேசுவதைக் கேட்டுக்கொண்டு தேநீர் குடிப்பார். அவர் போன பிறகு இந்த அஜின்கோர்ட் வீட்டில் எனக்குத் துணை அந்தப் பெட்டிதான். எனக்கு அது புதிதும் இல்லை. இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து சர்க்யூட் போர்ட் பூட்டும் தொழிற்சாலையில் ஈயம் உருக்கி ஒட்டின கை இது.

மகன் மிதுனன் கல்யாணம் முடித்ததும் பள்ளிக்கூட மைதானத்துக்கு அந்தப் பக்கம் வரிசை வீடுகளில் ஒரு ரவுண்ஹவுஸ் எடுத்தான். மருமகள் துர்க்கா சாவகச்சேரிப் பிள்ளை. அவன் ஸ்பொன்சர் செய்து வந்தவள். பிள்ளைப்பேற்றுக்கு வரவிருந்த அவளுடைய தாய்க்கு விசா கிடைக்கவில்லை. அதனால் பிள்ளை பெற்றவளுக்குக் காயச் சரக்கு அரைத்துக் கொடுத்ததும் நான், இலை அவித்து வேது பிடித்ததும் நான். முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிவு அன்று ஒரு பேபி மொனிட்டரும் கொண்டுபோய்க் கொடுத்தேன். எங்கள் ஆட்களுக்குள் பிள்ளைச் சாமான்கள் அதிகம் கடையால் வருவதில்லை. ஒரு வீட்டுப் பிள்ளை வளர்ந்தால் தொட்டிலும் கார் சீற்றும் அடுத்த வீட்டுக்குப் போகும். மொனிட்டரும் அப்படி வந்ததுதான். பழைய மொடல், கமரா இல்லை. தொட்டிலடியில் தனக்குக் கேட்பதை அப்படியே காற்றில் எறியும்.

ஒரு மத்தியானம் ஸ்கானர் நான் கேட்காமலே ஓரிடத்தில் நின்றது. இரைச்சல். அதற்குள் ஒரு குழந்தை. பிறகு துர்க்காவின் குரல், "ஓ, என்ரை குஞ்சு." நான் தேடிப் போகவில்லை. அது வந்தது.

ஆனால் ஸ்கானரோடு வந்த கையளவு அன்ரெனாவில் ஒரு சொல்லும் விளங்காது. பிள்ளை அழுவது தெரியும். ஏன் அழுகிறது என்று தெரியாது. ஒரு அப்பம்மாவுக்கு அது போதாது.

முதலில் நாலு திசையும் கேட்கும் தடி அன்ரெனாவைத்தான் பார்த்தேன். மலிவு, பூட்டுவதும் சுகம். வேண்டாம் என்று விட்டுவிட்டேன். பக்கத்து வீட்டுக்காரர் என்ன கதைக்கிறார்கள் என்று எனக்கு எதற்கு? நாலு பக்கமும் கேட்பதற்குப் பெயர்தான் ஒட்டுக்கேட்பது. ரீவி அன்ரெனாவை நிமிர்த்தி வைத்தால் ஸ்கானருக்கும் உதவும் என்று இன்ரநெற்றில் சிலர் எழுதியிருந்தார்கள். உண்மைதான். ஆனால் இந்த மொனிட்டர் பேசுவது அதைவிட உயர்ந்த அலைவரிசையில். அதற்குத் தோதானது, ஊருக்கு வெளியே ஏரிக்கரையில் கொட்டேஜ் வைத்திருக்கிறவர்கள் போன் சிக்னல் பிடிக்க வாங்குகிற, மீன்முள் மாதிரியான சின்ன அன்ரெனா. முள் கூடக்கூடத் தூரம் கேட்கும், ஆனால் பார்வை குறுகிவிடும். காற்றுக்குக் கொஞ்சம் அசைந்தாலும் விட்டுப்போகும். நான் நடுத்தரமானதைத் தேடினேன். யூனியன்விலில் ஒருவர் கொட்டேஜை விற்றுவிட்டுத் தன்னுடையதை அரைவிலைக்கும் குறைவாகப் போட்டிருந்தார்.

"என்னத்துக்கு அன்ரி உது உங்களுக்கு?" என்று கேட்டார்.

"பேரப்பிள்ளையின்ரை சத்தம் வடிவாக் கேக்குதில்லை, தம்பி" என்றேன்.

அவர் இரக்கப்பட்டு, நல்ல தடித்த வயரையும் சேர்த்துத் தந்தார். மொனிட்டரின் தடி நிமிர்ந்து நிற்பதால் முள்களையும் நிமிர்த்தி, மைதானத்துக்கு மேலால் வடக்கே திருப்பிப் பூட்டினேன். இடையில் ஒரு கட்டடமும் இல்லை. துர்க்கா மூச்சு விடுவதுகூடக் கேட்டது.

அதற்குப் பிறகு வந்த கிழமைகளைப் போல நாங்கள் சந்தோசமாக இருந்ததில்லை, லக்சிகா. பிள்ளையின் அறையில் இருந்துதான் துர்க்கா தாயோடு போனில் கதைப்பாள். "பால்சுறா வறை சாப்பிட ஆசையா இருக்கம்மா, நீங்கள் செய்யிற மாதிரித் தேங்காய்ப்பூக் கூடப் போட்டு" என்பாள். அடுத்த நாள் நான் தேங்காய்ப்பூக் கூடப் போட்ட பால்சுறா வறையோடு போய் நிற்பேன். அவளுக்குக் கண் கலங்கிவிடும்.

"மாமி, உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"பெத்தவளுக்கு என்ன தேவையெண்டு எனக்குத் தெரியாதே?"

நடுமுதுகு நோகிறது என்று பிள்ளைக்குச் சொன்னால் நான் எண்ணெயோடு போவேன். "என்ரை அம்மாகூட இப்பிடிப் பாத்திருக்க மாட்டா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கையின் சூடு இன்னும் எனக்குத் தெரியும். நான் அவளை மகளாகத்தான் நினைத்தேன். இதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

தயிர் விசயத்தில்தான் முதல் பிசகு. பால் கொடுக்கும்போது தயிர் தின்றால் பிள்ளைக்குச் சளி பிடிக்கும் என்று நான் சொல்லி வைத்திருந்தேன். அவள் ஆசைக்கு ஒரு கிண்ணம் சாப்பிட்டிருக்கிறாள். சாப்பிட்டுக்கொண்டே பிள்ளைக்குச் சொன்னாள், "அப்பம்மாட்டைச் சொல்லிப்போடாதை, என்ன. சொன்னியெண்டால் அம்மாக்குப் பூசை." நான் ஸ்கானருக்கு முன்னால் இருந்து வாய்விட்டுச் சிரித்தேன். அடுத்த நாள் அங்கே போனதும் விளையாட்டாகத்தான் கேட்டேன்.

"தயிர் சாப்பிட்டனியோ பிள்ளை?"

அவளும் சிரித்தாள். "உவன்தான் கோள்மூட்டி இருக்கிறான், கள்ளன்" என்று பிள்ளையின் கன்னத்தைக் கிள்ளினாள். ஆனால் சிரிப்பு முடிந்த பிறகும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு கல்கரிக் கதை வந்தது. நாலு மணித்தியாலம் விமானத்தில் போகிற அந்த ஊரில் மிதுனனுக்கு ஒரு வேலை சரிவந்திருந்தது. என்னிடம் ஒருவரும் சொல்லவில்லை. பிள்ளையைத் தூங்கவைத்துக்கொண்டு இரண்டு பேரும் மெதுவாகக் கதைத்தார்கள்.

"போவமப்பா. உங்கட அம்மா நல்லவதான். ஆனா எனக்கு இஞ்சை மூச்சு முட்டுது."

"அம்மா தனிச்சுப் போவா."

"நாங்கள் வந்து பாப்பம்தானே."

கல்கரி வரைக்கும் கேட்கிற அன்ரெனா கிடையாது.

நான் கோபப்படவில்லை. சண்டை பிடிக்கவும் இல்லை. சமையலறையில் அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் நின்று, "மூச்சு முட்டுதோ பிள்ளை? ஜன்னலைத் திறந்து விடட்டோ?" என்று கேட்டேன். வெங்காயம் கையிலிருந்து விழுந்தது. அவ்வளவுதான். அதற்குப் பிறகு இடைக்கிடை அப்படி ஒரு சொல். தாய்க்குச் சொன்ன சொல், பிள்ளைக்குச் சொன்ன சொல், புருசனுக்குச் சொன்ன சொல். எல்லாம் அவளுடைய சொற்கள்தான். நான் ஒன்றும் சேர்க்கவில்லை. அவளை வருத்த வேண்டும் என்றும் நினைக்கவில்லை. போகாமல் இருந்தால் போதும் என்றுதான் நினைத்தேன். சுகமில்லாத பெண்ணைக் கூட்டிக்கொண்டு ஊர் விட்டு ஊர் போக மாட்டான் என் மகன்.

அவள் குசுகுசுக்கத் தொடங்கினாள். பிறகு தண்ணீரைத் திறந்துவிட்டுக் கதைத்தாள். பிறகு பிள்ளையோடு கதைப்பதையே நிறுத்திவிட்டாள். பால் கொடுக்கும்போதும் ஒரு சத்தமும் இல்லை. எனக்கு அது உண்மையிலேயே கவலையாக இருந்தது. தாயின் குரல் கேட்காமல் ஒரு பிள்ளை எப்படி வளரும்? மிதுனனைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"தம்பி, துர்க்கா பிள்ளையோடை கதைக்கிறேல்லைப் போலை கிடக்கு. கவனி."

அவன் கவனித்தான். நான் சொன்னது சரியாக இருந்தது. அவன் பயந்துபோனான்.

ஒருநாள் வேலையால் வரும் வழியில் என்னிடம் வந்தான். சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே இருந்தான், சாப்பிடவில்லை.

"அம்மா, துர்க்கா ஒரு மாதிரிக் கதைக்கிறா. தான் தனிய இருந்து சொல்றதெல்லாம் உங்களுக்குக் கேக்குதாம். நான் ஏசிப்போட்டன். இப்ப அந்த மொனிட்டராலைதானாம் எண்டு நிக்கிறா. உங்களுக்கு உந்தச் சாமான்கள் தெரியும்தானே. இஞ்சை இருந்து கேக்க ஏலுமே?"

நான் மேசையில் கிடந்த கணவரின் ஸ்கானரை அவனிடம் எடுத்துக் கொடுத்தேன். அந்தக் கையளவு அன்ரெனாவைப் பூட்டித்தான் கொடுத்தேன். அவனே தட்டிப் பார்த்தான். இரைச்சல்.

"இவ்வளவு தூரத்திலை ஒரு சொல்லும் விளங்காது, மகன்" என்றேன்.

இது பொய் இல்லை. அந்த அன்ரெனாவில் விளங்காது. வேறு அன்ரெனா இருக்கிறதா என்று அவன் கேட்கவில்லை. மேலே ஏறிப் போய்ப் பார்க்கவும் இல்லை. தாய் சொன்னால் போதும் என்று இருக்கிற பிள்ளை அவன். அன்று பின்னேரம் அவன் வீட்டுக்குப் போய், "அம்மா அந்த வேலை செய்தவ, அவவுக்குத் தெரியாததே? உமக்குத்தான் சுகமில்லை, டொக்டரிட்டைப் போவம்" என்று சொல்வது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

குளியல் தொட்டி விசயம் உங்கள் பைலில் இருக்கும். மிதுனன் வேலையால் வந்தபோது தொட்டி நிறையத் தண்ணீர். பிள்ளை பக்கத்தில் துவாய் மேல் கிடந்தது. துர்க்கா முழங்காலில் இருந்து, தோள்வரை கையைத் தண்ணீருக்குள் வைத்திருந்தாள். மொனிட்டரைத்தான் தாழ்த்தினேன் என்று அவள் எல்லோருக்கும் சொன்னாள். தண்ணீருக்குள் மொனிட்டரும் கிடந்ததுதான். ஆனால் அதற்குப் பிறகு அடுத்ததாக எதைத் தாழ்த்தியிருப்பாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். என் மகனும் அப்படித்தான் நினைத்தான். அதனால்தான் ஆஸ்பத்திரி, அதனால்தான் நீங்கள் எல்லோரும். இப்போது மிதுனன் கல்கரி வேலையை விட்டுவிட்டுப் பிள்ளையோடு இங்கே இருக்கிறான். ஜன்னலில் இருப்பதை ரீவி அன்ரெனா என்றுதான் நினைக்கிறான். துர்க்கா அந்த ரவுண்ஹவுஸில் தனியே இருக்கிறாள். நான் பக்கத்தில் நின்றால்தான் அவள் பிள்ளையைத் தூக்கலாம் என்று உங்கள் ஆட்களே எழுதித் தந்திருக்கிறார்கள்.

அன்றும் நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன், லக்சிகா. தண்ணீர் நிறைகிற சத்தம். துவாயை உதறுகிற சத்தம். கன நாளைக்குப் பிறகு அவள் பிள்ளையோடு கதைத்தாள். குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. "நீ இதிலை படுத்திரு, என்ரை ராசா. தண்ணிக்குக் கிட்ட வராதை. அம்மா இந்தச் சனியனை மட்டும் முடிச்சுப்போட்டு வாறன். பிறகு நாங்கள் ரெண்டு பேரும் ஆசைதீரக் கதைப்பம்." பிள்ளை சிரித்தது. பிறகு ஒரு குமிழிச் சத்தம். பிறகு வெறும் இரைச்சல்.

என்ன நடந்திருக்கும் என்று பொலிஸ் கேட்டபோது, "நான் அங்கை இருக்கேல்லையே" என்றேன். டொக்டர் கேட்டபோதும் அதைத்தான் சொன்னேன். நான் அங்கே இருக்கவில்லை. அது எல்லோருக்கும் தெரியும்.

துர்க்காவுக்கு ஒரு நோயும் இல்லை. அவள் சொன்ன ஒவ்வொன்றும் நடந்தது. அவளுடைய சொல்லை எடுத்து அவளுக்கே திருப்பிக் கொடுத்தது நான்தான். அவள் பிள்ளைக்கு ஒரு கெடுதலும் நினைக்கவில்லை என்பதற்கு இந்த உலகத்தில் இருக்கிற ஒரே சாட்சியும் நான்தான். அதைச் சொல்லாமல் விட்டேன். சொன்னால் பிள்ளை போய்விடும். எழுதுங்கள், லக்சிகா. அழாமல் எழுதுங்கள். நான் கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்றே ஒன்றுதான் கேட்பேன். இதைத் துர்க்காவிடம் நீங்கள் போய்ச் சொல்ல வேண்டாம். அவள் மெல்லிய மனசுக்காரி, தாங்க மாட்டாள். என்னைக் கூட்டிக்கொண்டு போங்கள், நான் சொல்கிறேன். அவளுக்கு எந்தச் சொல்லை எப்படிச் சொல்ல வேண்டும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்?