ஒன்பதாவது படிக்கல்

நான் மெதுவாத்தான் எழுதுவேங்க, இன்ஸ்பெக்டர் சார். எழுத்துக் கத்துக்கினதே ஐம்பது வயசுக்கு மேல, திண்டிவனத்துல பஸ் பலகையைப் படிச்சுப் படிச்சு. பேனா நல்லா எழுதுது.

கலைப்பிரியா நல்ல பொண்ணு. விழுப்புரத்துல எம்.ஏ. படிச்சுக்கினு இருந்துச்சு. கிணறு வெட்டுற கூலிக்காரங்களைப் பத்தி ஆய்வு எழுதணும்னு கூட்டேரிப்பட்டுக்கு என்னைத் தேடி வந்துச்சு. நாலு நாள் எதிர்ல போனை வெச்சுக்கினு உக்காந்து கேட்டுச்சு. என் தம்பி சவுரிராயன் செத்த கதையை அதுகிட்டதான் மொத மொதல்ல வாய்விட்டுச் சொன்னேன். மண்ணு ஈரமா இருக்குது, இறங்க மாட்டோம்னோம். நிலத்துக்காரர் சுப்பராயலு இறங்குன்னாரு. தம்பி இறங்கினான். மண்ணு மூடிக்கிச்சு. அதே கிணத்தை அப்புறம் வெட்டி முடிச்சவனும் நான்தான்.

"உங்க பேரு ஆய்வுல வரும்யா"ன்னுச்சு.

வந்துச்சு. டைப் அடிச்ச காயிதக் கட்டைக் கொண்டாந்து கொடுத்துச்சு. அந்த ஒரு பக்கத்தைப் படிக்க எனக்கு ரெண்டு நாளாச்சு. 'கூலியாட்கள் குடித்திருந்ததால் விபத்து நேர்ந்தது. ஆதாரம்: சுப்பராயலுவின் நாட்குறிப்பு.' அடியில பொடி எழுத்துல நான். 'அருளப்பன் கூறுவது செவிவழிச் செய்தி. உறுதி செய்ய இயலவில்லை.'

காதால கேட்டவன் இல்லைங்க நான். கையால மண்ணைத் தோண்டி அவனை எடுத்தவன். கள்ளு வாடையே அவனுக்கு ஆகாது.

"இன்னா பாப்பா, இப்டி எழுதிட்ட?"

"கோச்சுக்காதீங்கய்யா. நீங்க சொல்றது நெஜமாத்தான் இருக்கும். ஆனா எழுத்துல இருந்தாத்தான் எங்க கைடு ஒத்துக்குவாரு."

எனக்குக் கோவம் வரலை. அந்தக் கிணத்தை உள்ளேருந்து ஒரு போட்டோ எடுக்கணும்னுச்சு, கூட்டிக்கினு போனேன். இப்ப தண்ணியில்லை. அறுபதடி. சுவத்துல நீட்டிக்கினு நிக்கிற படிக்கல்லு எல்லாம் நான் பதிச்சது. ஒன்பதாவது கல்லு ஆடும்.

"தாங்குமாய்யா?"

"தாங்கும்"னேன்.

அதுக்கு மட்டும் அது ஆதாரம் கேக்கலை. என் வாய்ப்பேச்சே போதும்னு இறங்கிச்சு.

நான் தள்ளலைங்க. மேட்டுல உக்காந்து மல்லாட்டை உரிச்சுக் கடலையைத் தின்னுக்கினு இருந்தேன். பொழுது சாயுற வரைக்கும் "ஐயா, ஐயா"ன்னு கூப்பிட்டுச்சு. காதுல விழுந்த சேதிதானே. உறுதி செய்ய எழுந்திருக்கலை.

நீங்க டைப் அடிக்கிறேன்னீங்க, நான்தான் வேணாம்னேன். இது என் கையெழுத்தாவே இருக்கட்டும். பத்திரமா வெச்சுக்கோங்க, படிக்கிற பிள்ளைங்க யாராவது தேடிக்கினு வருவாங்க.

என் தம்பி குடிக்கலை. இப்ப அது எழுத்துல இருக்குது.