பதினான்கு மணி நேரத்தில் நிரம்பும் தொட்டி

— “…அன்று தேர்வு மண்டபத்தில் இருந்தவர்கள் முப்பத்தொரு பேர். சன்னலோர வரிசையில், முதல் பெஞ்சில் ஆரோக்கியசாமி. இரண்டாவது பெஞ்சில், இம்மனுவை எழுதும் தசரதனாகிய நான். எனக்கு நேர் பின்னால், மூன்றாவது பெஞ்சில் கோதண்டம். சுவரோர வரிசையில்…” இதுவரைக்கும் சரிதானே ஆரோக்கியம்? முதல் பெஞ்சு நீதானே?

— நான்தான். எனக்கு முன்னால கரும்பலகைதான் இருந்துச்சு. ஆனா தசரதா, யார் எங்க உக்காந்தாங்கன்னு மனுவுல எதுக்கு? கல்யாணப் பந்தியா போடறோம்?

— படிக்கிற அதிகாரி அந்த மண்டபத்தைப் பார்த்ததில்லை. யார் எங்கே இருந்தாங்கன்னு தெரிஞ்சாத்தான் நம்புவார். எதையும் வரிசையா சொல்லணும்.

— வரிசையா சொல்லு மாமே, யாரு வேணான்னது? ஆனா மூணாவது பெஞ்சு கோதண்டம்னு என் பேரை எதுக்கு இஸ்துகினு வர்றே? அடி அந்தப் பேரை!

— அடிக்க மாட்டேன் கோதண்டம். நீ இருந்தே. இருந்தவனை இல்லைன்னு எப்படி எழுதறது?

— கஸ்மாலம்! பூந்தமல்லி தபாலாபீசு வாசல்ல குந்திகினு, மிலிட்டரி லாரித் தூசியைத் துன்னுகினு, உன் மனுவைக் கேட்டுகினு கீறேன் பாரு, என்னைத்தான் செருப்பால அடிக்கணும்.

— சும்மா இருடா கோதண்டம். நாலு மணிக்கு தபால்கார வேம்புலி வந்து தபால் பெட்டியைத் திறந்துடுவான். இன்னிக்கு விட்டா அப்புறம் திங்கட்கிழமைதான். திங்கட்கிழமை நான் எங்க இருப்பேனோ. படி தசரதா.

— “முதலாவது. எங்கள் கணக்கு ஆசிரியர் ராமன் அவர்கள் யுத்த உத்தியோகத்துக்குப் போய்விட்டபடியால், ஆடி மாதம் முதல் சித்திர ஆசிரியர் கோவிந்தன் அவர்களே ஆறாம் பாரம் வகுப்புக்குக் கணக்கும் நடத்திவருகிறார்.”

— நடத்தினாரு! தொட்டி படம் போட்டாரே, நெனப்பு கீதா? நீல சாக்பீசுல தண்ணி, செவப்பு சாக்பீசுல செங்கல்லு. அடியில ஓட்டை, ஓட்டையிலேந்து சொட்டு சொட்டா தண்ணி, அந்த சொட்டுக்குக் கூட நெழலு! படத்துக்கு நூத்துக்கு நூறு குடுக்கலாம். கணக்குக்கு ரெண்டு சாணி உருண்டை.

— “இரண்டாவது. பாடப் புத்தகத்தில் உள்ள கணக்கு இது. ஒரு குழாய் காலித் தொட்டியை ஆறு மணி நேரத்தில் நிரப்பும். அடியிலுள்ள ஓட்டை, நிறைந்த தொட்டியை எட்டு மணி நேரத்தில் காலி செய்யும். இரண்டும் திறந்திருந்தால் தொட்டி எத்தனை மணி நேரத்தில் நிரம்பும்? சரியான விடை இருபத்துநான்கு. புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் பதினான்கு என்று அச்சாகியிருக்கிறது. ஆறும் எட்டும் பதினான்கு ஆவதால், இரண்டையும் கூட்டுவதே முறை என்று எங்களுக்குப் போதிக்கப்பட்டது.”

— குழாய்க்கு ஆறு, ஓட்டைக்கு எட்டு, கூட்டினா பதினாலு! சேசுவே, எத்தனை தடவை சொல்ல வெச்சாரு! ஜெபம் மாதிரி சொன்னோம்.

— ஓட்டைத் தொட்டி ரொம்பறதுக்கு ஓட்டையையும் கூட்டிக்கிறதாம். அன்னிக்கு தசரதன் ஒருத்தன்தான் எழுந்து நின்னு இருபத்துநாலுன்னான். “புத்தகத்தைவிட உனக்கு மூளை ஜாஸ்தியாடா?”ன்னு கேட்டாரு பாரு, பெரம்பு ரெண்டா போச்சு.

— அன்னிக்கு சாயங்காலம்தான் தசரதா, பருத்திப்பட்டுல உங்க வீட்டு மாட்டுத் தொட்டியில எனக்குக் காட்டினே. இருபத்துநாலு செம்பு பிடிக்கிற தொட்டி. நீ நாலு செம்பு ஊத்த ஊத்த, நான் மூணு செம்பு மொண்டு வெளியில கொட்டுவேன். அது ஒரு மணி நேரம்னு வெச்சுக்கோன்னே. ஒவ்வொரு தடவையும் உள்ள நின்னது ஒரே ஒரு செம்பு. இருபத்துநாலு தடவை! தொட்டி தளும்புச்சு. உங்க அம்மா முத்தம்மாள் வெளக்குமாத்தைத் தூக்கிக்கிட்டு வந்தாங்க.

— கழனித் தண்ணி நாத்தம் ரெண்டு நாளைக்கு உங்க ரெண்டு பேரு மேலயும். கிட்ட குந்த முடியல.

— சிரிடா, சிரி. ஆறு வருஷமா கணக்குல எனக்குப் புரிஞ்சது அது ஒண்ணுதான். மத்ததெல்லாம் மனப்பாடம் பண்ணி வாந்தி எடுத்தது. அது மட்டும் கையால மொண்டு கொட்டிக் கத்துக்கிட்டது.

— ஆரோக்கியம், அதெல்லாம் மனுவுக்கு வேணாம். “மூன்றாவது. புத்தகக் கம்பெனிக்கு எழுதிக் கேட்டதில், விடை இருபத்துநான்கே, அச்சுப்பிழைக்கு வருந்துகிறோம், அடுத்த பதிப்பில் திருத்துவோம் என்று மார்கழி மாதம் எனக்குப் பதில் வந்தது. அதை இத்துடன் இணைத்திருக்கிறேன். செலக்ஷன் தேர்வுக்கு எட்டு நாள் முன்பே ஆசிரியர் கோவிந்தன் அவர்களிடம் காட்டினேன். அவர் படித்துவிட்டு மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.”

— மடிச்சு மட்டுமா குடுத்தாரு? வாயால ஒண்ணும் சொல்லலையா?

— சொன்னார். “கேள்வித்தாளை ஹெட்மாஸ்டர்கிட்ட குடுத்தாச்சு தசரதா, அந்தக் கணக்கும் அதுல இருக்கு. இப்ப மாத்தினா ஏன்னு கேப்பாரு. ஆறு மாசமா முப்பத்தொரு பேருக்குத் தப்பா சொல்லிக் குடுத்தேன்னு தெரிஞ்சா எனக்கு டிராயிங் வேலையும் போயிடும். நாலு பொண்ணுங்களை வெச்சிருக்கேன். பதினாலுக்குத்தான் மார்க்கு போடுவேன், நீ பார்த்துக்கோ”ன்னார்.

— உனக்கு மட்டும் சொன்னாரா மாமே?

— எனக்கு மட்டும்.

— த்தூ! வாத்தியாராம்! எட்டு மார்க்குடா தசரதா! எனக்கு இருபத்தொன்பது. முப்பத்தஞ்சு இருந்தா பொதுப் பரீட்சைக்கு அனுப்புவாங்க. அந்த எட்டைப் போட்டிருந்தா முப்பத்தேழு. புரியாம எழுதின கணக்குக்கெல்லாம் மார்க்கு வந்துச்சு. புரிஞ்சு எழுதின ஒண்ணுக்கு முட்டை!

— அழுவாத ஆரோக்கியம். இன்னொரு வருசம் படி. இன்னா இப்ப?

— யாரு படிக்க வெப்பா? எங்கப்பாரு நேத்தே ஆவடி டிப்போ மேஸ்திரிகிட்ட பேசிட்டு வந்துட்டாரு. திங்கட்கிழமையிலேந்து சிமெண்டு மூட்டை. இன்டர்மீடியட்டுல செகண்டு குரூப்பு எடுத்து டாக்டருக்குப் படிக்கப் போறேன்னு பங்குச்சாமியார்கிட்ட சொல்லி வெச்சிருந்தேன். எங்க அக்கா தெரசா காலையில கேக்கறா, “மூட்டை தூக்கறதுக்கு எந்த குரூப்புடா எடுக்கணும்?”னு.

— உங்க அக்கா வாய்க்கு ஆவடி டிப்போவே தாங்காது. நான் தேர்டு குரூப்பு மாமே. ஹிஸ்டரி, லாஜிக்கு. கணக்கு மூஞ்சியில முழிக்கவே வேணாம். எங்க நைனா என்னை வக்கீலாக்கியே தீருவேன்னு கீறாரு. நாலாவதா ஒரு குரூப்பு இருந்து, அதுல படிக்கவே வேணாம்னா அத்தை எடுத்திருப்பேன்.

— வக்கீலாகப் போறவன் நியாயத்துக்கு ஒரு கையெழுத்து போடுடா. மூணு பேர் போட்டா மனுவுக்குப் பலம்.

— நான் போட மாட்டேன்.

— ஏண்டா?

— ஏன்னா எனக்கு நாப்பது. நானும் பதினாலுதான் எழுதினேன். எட்டு போனா முப்பத்திரெண்டு. அப்புறம் உன் பக்கத்துல நானும் மூட்டை தூக்கிகினு நிப்பேன்.

— நீயெல்லாம் ஒரு சிநேகிதன்! உன்கூட ஒரே ஏனத்துல சோறு தின்னேனே, அதை நெனச்சா குமட்டுது.

— என்னைப் பாத்து குமட்டுதா? ஆரோக்கியம், பின்பெஞ்சுக்காரனுக்கு முன்பெஞ்சுக்காரன் முதுகு மட்டுமா தெரியும்? தோளுக்கு மேல எட்டிப் பாத்தா பேப்பரும் தெரியும்.

— அப்போ தசரதனைப் பாத்துக் காப்பியடிச்சியா?

— அடிச்சேன்.

— பொய்யி. அவனைப் பாத்து அடிச்சிருந்தா இருபத்துநாலுன்னு இல்ல வந்திருக்கணும்?

— வந்திருக்கணும் இல்ல?

— காப்பியைக் கூட ஒழுங்கா அடிக்கத் தெரியல உனக்கு! தசரதனைப் பாரு. அவனுக்கும்தான் எட்டு போச்சு. அவன் வாயைத் தெறந்தானா? எட்டு போயும் அவன்தான் கணக்குல முதல். ஹெட்மாஸ்டர் கூப்பிட்டு, பட்டணத்துக் காலேஜுல இருக்கிற ஒரே இலவச இடம் உனக்குத்தான்னு சொன்னாராம். பியூன் சொன்னான். நெசமா தசரதா?

— சொன்னார்.

— மாதாவே! ஃபர்ஸ்டு குரூப்பு, அப்புறம் கிண்டி, இஞ்சினீரு! என்கிட்ட ஏண்டா சொல்லல?

— எட்டு போயும் மொதலு! ஹெஹ்ஹே! கேட்டியா தசரதா? எட்டு போயுமாம்!

— கோதண்டம், வரிசையா வருவோம். நாலாவது இருக்கு. “நான்காவது. பதினான்கு என்று எழுதிய மாணவர்கள் தங்களுக்குப் போதித்தபடியே, அறியாமல் எழுதினார்கள். ஆகையால் அவர்கள் மதிப்பெண்ணைக் குறைக்க வேண்டாம். மண்டபத்தில் இருபத்துநான்கு என்று எழுதிய ஆரோக்கியசாமிக்கு உரிய எட்டு மதிப்பெண்ணைக் கொடுத்து, அவனைப் பொதுத் தேர்வுக்கு அனுப்பும்படி வேண்டுகிறேன்.”

— அறியாமல் எழுதினார்களா? அப்படிப் போடு! அறியாமைக்கு நான் காரண்டி. எனக்குக் கணக்குல ஒண்ணும் தெரியாதுன்னு ஆறு வருசமா ஊரே சாட்சி சொல்லும். பேனாவைக் குடு, கையெழுத்து போடறேன்.

— இப்ப மட்டும் போடுவியாடா? அந்தப் பேனாவைத் தொடவே எனக்கு அருவருப்பா இருக்கு.

— போட்டேனா இல்லையா, அத்தைப் பாரு.

— ஆனா தசரதா, இருபத்துநாலுன்னு நான் மட்டும் எழுதின மாதிரி இல்ல போட்டிருக்கே? உன் பேரு எங்க? உனக்கும் எட்டு வரணுமே.

— என் விஷயம் அஞ்சாவதுல வருது. இப்பத்தான் எழுதி முடிச்சேன். நீ கையெழுத்து போடு.

— அதையும் படி, கேப்போம்.

— நேரமில்லை ஆரோக்கியம், கோதண்டம் பேருக்குக் கீழே போடு… ஆச்சு. இந்தப் பிரதி தமிழ்ல, கீழே இங்கிலீஷ்ல ஒண்ணு. ரெண்டும் ஒரே உறையிலே. காகிதத்துக்குப் பஞ்சம், கம்பெனிக்காரன் அனுப்பின உறையையே பிரிச்சு உள்பக்கத்தை வெளியே திருப்பி மடிச்சிருக்கேன். “ஜில்லா கல்வி அதிகாரி அவர்கள் சமூகத்துக்கு.” ஒட்டணும். பசை கொண்டு வா.

— தபாலாபீசு பசையைப் பாத்தியா? பாதி எறும்பு, பாதி எச்சி. மோந்து பாத்தாலே வாந்தி வரும். இரு, என் தூக்குல மத்தியானச் சோறு மிச்சம் இருக்கு. நாலு பருக்கை எடுத்து நசுக்கித் தடவு. கெட்டியா பிடிக்கும்.

— வேணாம்.

— ஏண்டா?

— உன் சோத்தால இதை ஒட்ட வேணாம் ஆரோக்கியம்.

— சீமான் வீட்டுச் சோறா கேக்குது? தடவுடா. எனக்காக எழுதின கடுதாசி, என் சோத்தாலதான் ஒட்டணும். விரலால நல்லா அழுத்து. மூணு மடிப்புலயும். ஏன் விரலைத் தொடைச்சுக்கிட்டே இருக்கே?

— பிசுபிசுன்னு இருக்கு. தண்ணி இருந்தா கழுவணும்.

— மாமே, ஒரு வார்த்தை. ஆரோக்கியம், நீ அப்படித் தள்ளிப் போய் வேம்புலி வர்றானா பாரு.

— நான் எங்கயும் போகல. என் எதுக்கவே பேசு.

— அப்ப எதுக்கவே பேசறேன். தசரதா, அஞ்சாவதுல இன்னா எழுதினேன்னு நான் கேக்கல. ஆனா காலேஜு இடம் கையில வந்துடுச்சு. மூணாவது பெஞ்சு இதுவரைக்கும் கம்முனு கீது. இனிமேலும் கம்முனுதான் இருக்கும், எங்கம்மா மேல சத்தியம். நாலாவதோட நிறுத்திட்டியா, சொல்லு.

— நிறுத்தலை.

— பிரி அந்த உறையை! ஈரம் காயல, இப்ப பிரிச்சா வந்துடும்!

— என்னடா ரெண்டு பேரும் ஜாடையில பேசறீங்க? கோதண்டம், கையை எடு! கிழிஞ்சுடப் போவுது!

— இவனுக்குப் பைத்தியம் புடிச்சுகினு கீது ஆரோக்கியம், சொல்றேன் கேளு…

— வேம்புலி வந்துட்டான்! பெட்டியைத் திறக்கறான்! அண்ணே, இரு, ஒண்ணு இருக்கு! ஒரே ஒண்ணு! தசரதா, குடு, நான் ஓடிப் போய்ப் போட்டுட்டு வர்றேன்.

— விடு. இதை நானே போடணும்.

— போவாத மாமே! சொன்னா கேளு! ச்சே… பையில போட்டுட்டான். வேம்புலி பையை முடிஞ்சுட்டான். சைக்கிள்ல ஏறியாச்சு. போச்சு, எல்லாம் போச்சு.

— என்ன போச்சு? எனக்கு எட்டு மார்க்கு வரப் போவுது, உனக்கு வயித்தெரிச்சலா? தசரதா, நீ என்னைத் தொட்டிகிட்ட கூட்டிக்கிட்டுப் போகலைன்னா, கம்பெனிக் கடுதாசியைக் காட்டி “தைரியமா இருபத்துநாலு எழுதுடா”ன்னு சொல்லலைன்னா, நானும் இவனை மாதிரி பதினாலு எழுதிட்டு, ஒரு வெக்கமும் இல்லாம நின்னிருப்பேன். செத்தாலும் மறக்க மாட்டேன்டா. இப்பவாவது சொல்லு, அஞ்சாவது என்ன?

— சொல்லாத மாமே.

— “ஐந்தாவது. விடை தவறு என்று நன்றாக அறிந்திருந்தும், முதலில் எழுதிய இருபத்துநான்கை அடித்துவிட்டு, பதினான்கு என்று எழுதி, எட்டு மதிப்பெண்ணும் காலேஜ் இடமும் வாங்கிக்கொண்டவன் அந்த மண்டபத்தில் ஒருவன் உண்டு. அவன், ஆரோக்கியசாமியின் முதுகைப் பார்த்தபடி இரண்டாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்த நான்.”