பச்சை வயர்

ஞாயிற்றுக்கிழமை காலை பத்தேகாலுக்கு எங்கள் வீட்டு ஷெட்டில் தொப்பென்று ஒரு சத்தம் கேட்டது. பக்கத்துக் குவார்ட்டர்ஸ் ராஜாம்பாள் அக்கா வேலிக்கு அந்தப் பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன புவனா, பலகை வுழுந்துடுச்சா?"

"ஆமாங்கக்கா."

"பாத்து எடும்மா. கால்ல கீல்ல போட்டுக்கப் போற."

உலையில் அரிசியைப் போட்டு, அடுப்பைக் குறைத்துவிட்டுத்தான் ஷெட்டுக்குப் போனேன். முதலில் மெயின் சுவிட்சை அணைத்தேன். கரண்ட் வேலையில் எப்போதும் அதுதான் முதல் படி. பிறகுதான் சத்தம் போட்டு ஆட்களைக் கூப்பிட்டேன்.

இன்ஸ்பெக்டர் வெண்மதி மேடம், நீங்கள் ஃபைலை முடிக்க ஒரு கையெழுத்து வாங்கத்தான் வந்திருக்கிறீர்கள். ஆனால் அந்த ரிப்போர்ட்டில் ஒரு தப்பு இருக்கிறது. உட்காருங்கள், முதலிலிருந்து சொல்கிறேன்.

அந்த மெஷினுக்கு சிஎன்சி ரௌட்டர் என்று பெயர். கம்ப்யூட்டரில் படம் போட்டுக் கொடுத்தால், சுற்றுகிற கத்தி ஒன்று மரத்தில் அதை அப்படியே செதுக்கும். கத்தியைச் சுற்றவைக்கிற மோட்டார்தான் ஸ்பிண்டில். என் கணவர் சிலம்பரசன் மைன்ஸில் பர்மனென்ட். ஷிஃப்ட் முடிந்தால் மெஷின் முன்னால்தான் இருப்பார். பெயர்ப்பலகை, சாமி படம் என்று செதுக்கி யூடியூபில் போடுவார். வாங்கியது அவர். ஓடவைத்தது நான்.

நான் ஐடிஐ ஃபிட்டர், எங்கள் பேட்ச்சில் முதல் ஆள். கல்யாணத்துக்கு அப்புறம் கான்ட்ராக்டில் ஒரு இடம் வந்தது. "பர்மனென்ட்காரன் பொண்டாட்டி கான்ட்ராக்ட்ல போயி நிக்கிறதா? ஊர் சிரிக்கும்டி" என்றார். சரி என்று விட்டுவிட்டேன். அதில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை.

ஒருநாள் அவர் செதுக்கிய வட்டமெல்லாம் முட்டை மாதிரி வந்தது. மூன்று நாள் கம்ப்யூட்டரை நோண்டினார்.

"சாஃப்ட்வேர்ல கோளாறு புவனா."

"கோளாறு உங்க கையில. மோட்டாரையும் ஸ்க்ரூ ராடையும் சேக்குற கப்ளிங் லூசா இருக்குதுங்க."

"பெரிய இன்ஜினியரு" என்று சிரித்தார். ஐந்து நிமிடத்தில் முடுக்கிக் கொடுத்தேன். அன்று சாயங்காலம் வீடியோவில், 'நானே கண்டுபிடித்துச் சரிசெய்தேன்' என்றார். அதையும் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இன்னொரு முறை, பாதி வேலையில் மெஷின் தானாக நின்றுபோனது. ஸ்பிண்டிலைத் தொட்டால் கை விர்ரென்றது. எர்த் சரியில்லை என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. கசிகிற கரண்டைத் தரைக்கு இறக்கிவிடும் பச்சை வயர் ஒன்றைப் புதிதாக இழுத்து ஸ்பிண்டிலில் முடுக்கினேன். அதற்குப் பிறகு மெஷின் ஒருநாளும் நிற்கவில்லை, கையும் விர்ரென்னவில்லை. வாரம் தவறாமல் மரத்தூளைத் துடைத்து, ராடுக்கு எண்ணெய் விட்டு, ஒவ்வொரு வயரையும் இழுத்துப் பார்ப்பேன்.

வெள்ளிக்கிழமை ராத்திரி சாப்பிடும்போது சொன்னார்: "திங்கக்கிழமை ரிசைன் லெட்டர் குடுத்துடப் போறேன். கோயம்புத்தூர்ல பெருசா போடலாம். நீ இருக்கிற, எனக்கு என்ன கவலை?"

குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். மகள் இசைப்பிரியா எட்டாவது படிக்கிறாள், அவள் பள்ளிக்கூடம் கைவிட்டுப் போகும். நான் மறுபடி ஒரு ஷெட்டில் உட்கார்ந்து அவருக்கு ஸ்க்ரூ முடுக்க வேண்டும். ராஜாம்பாள் அக்காவின் வீட்டுக்காரர் சர்வீஸில் இருக்கும்போதே மாரடைப்பில் போய்விட்டார். அக்காவுக்கு அதே கம்பெனியில் வேலை கொடுத்தார்கள். இன்றைக்கும் அதே பிளாக்கில்தான் இருக்கிறார். டவுன்ஷிப்பில் இது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். ரிசைன் செய்தவரின் மனைவிக்கு ஒன்றும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் அவர் பர்மனென்ட்.

சனிக்கிழமை அவர் ஷிஃப்டில் இருந்தபோது வழக்கமான பராமரிப்பைச் செய்தேன். ஸ்பிண்டிலுக்குப் போகும் கேபிள் வளைகிற இடத்தில் மேலுறை தேய்ந்து உள்ளே செம்பு தெரிந்தது. மாற்றப் புது கேபிள் வாங்கி வைத்திருந்தேன். மாற்றவில்லை. அவ்வளவுதான் நான் செய்தது என்று முதலில் நினைத்துக்கொண்டேன். பிறகு யோசித்தால், தேய்ந்த இடம் ஸ்பிண்டிலின் உடம்பில் உட்காரும்படி கேபிளைப் பிடிக்கிற கிளிப்பைத் தள்ளிப் போட்டதும் ஞாபகம் வருகிறது. பச்சை வயரையும் கழற்றினேன்.

எங்கள் வீட்டில் ஆயுத பூஜைக்கு மெஷினுக்குக் குங்குமம் வைப்போம். அதனால் அவர் செருப்புக் காலோடு அதன் பக்கத்தில் போகமாட்டார். நான் ரப்பர் செருப்பு இல்லாமல் போகமாட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஷெட்டுத் தரையைக் கழுவிவிட்டேன். அவர் மெஷினை ஓடவிட்டு, இட்லி சாப்பிட வந்தார். சாப்பிட்டு முடித்ததும் சொன்னேன்.

"ஏங்க, ஸ்பிண்டில் சூடாவுற வாசனை வருது. கைவெச்சுப் பாத்துட்டு வாங்களேன்."

"உன் மூக்குக்கு ஒரு அவார்டு குடுக்கணும்டி" என்று சொல்லிக்கொண்டே எழுந்து போனார். கையைச் சரியாகத் துடைக்கக்கூட இல்லை.

நான் கோபத்தில் செய்யவில்லை மேடம். அவரிடம் எனக்குக் கோபமே கிடையாது. குடிக்க மாட்டார், அடிக்க மாட்டார். எல்லாம் பாப்பாவுக்காகத்தான். காரியம் முடிந்த மறுநாளே கம்பெனி ஆபீஸுக்குப் போய், ஐடிஐ சர்ட்டிஃபிகேட்டை இணைத்து, எழுத்தர் வேலை வேண்டாம், ஃபிட்டராகவே போடுங்கள் என்று மனு கொடுத்தேன்.

உங்கள் எலக்ட்ரிகல் ஆள் கொடுத்த ரிப்போர்ட்டை நேற்று படித்தேன். எர்த் வயர் அதிர்வில் தானாகக் கழன்றிருக்கிறது, விபத்து, பராமரிப்புக் குறைபாடு என்று எழுதியிருக்கிறார். ராத்திரி முழுக்க எனக்குத் தூக்கம் வரவில்லை. ஸ்ப்ரிங் வாஷர் போட்டு நான் முடுக்கியது எந்த அதிர்விலும் கழலாது. பத்து மி.மீ. ஸ்பேனரால் நான்தான் கழற்றினேன். ஸ்க்ரூவும் வாஷரும் அஞ்சறைப் பெட்டியில், கடுகுக்குக் கீழே இருக்கின்றன. எடுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்க்கிறீர்கள். "இந்த வாக்குமூலத்துல கையெழுத்துப் போட்டா என்ன ஆகும்னு தெரியுதாம்மா?" என்று கேட்கிறீர்கள்.

பேனாவை வாங்கிக்கொண்டு சொல்கிறேன்:

"அந்தப் 'பராமரிப்புக் குறைபாடு'ங்கிற வரியை மட்டும் அடிச்சிடுங்க மேடம், நாளைக்கு ஃபிட்டர் வேலையில சேரப்போற எனக்கு அது கெட்ட பேரு."