மூன்று வாளித் தண்ணீர்

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகும் பஸ். எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். நாற்பது வயது மதிக்கத்தக்க மூத்தவர் சன்னலைப் பார்த்தபடி சொன்னார்:

“காலேஜுக்குக் கெளம்புன அந்தப் பதினேழு வயசுப் பிள்ளைய இப்பப் பாத்தேன்னா, கையிலருக்க வாளியப் பிடுங்கிக்கிட்டுத்தான் பஸ் ஏத்துவேன்.”

“எந்தப் பிள்ளைய, மதினி?” என்றாள் இளையவள்.

“என்னையத்தான். வீட்டுலருந்தே மூணு வாளி கொண்டு போனேன். மதுரையில ஹாஸ்டலு. எந்நேரமும் கொழாயில தண்ணி வரும்னாக. நான் நம்பல. நம்மூருல எட்டு நாளைக்கு ஒருக்காத்தான வரும்? தெனம் சாயங்காலம் மூணையும் ரொப்பி வச்சுட்டு, யாரும் எடுத்துராமக் காவல் இருப்பேன்.”

இளையவள் சிரித்தாள். “மத்தவளுக?”

“மொட்டமாடியில உக்காந்து பேசிட்டு இருப்பாளுக. ‘வாடி’ம்பாளுக. தண்ணி நின்னுபோனா என்ன செய்யன்னு நான் போகல.”

“ஒரு நாளாச்சும் நின்னுச்சா?”

“மூணு வருசத்துல ஒரு நா கூட நிக்கல.”

பஸ் ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கியது.

“இப்ப எல்லாரும் வாட்ஸ்அப்புல ஒண்ணா இருக்கோம். அன்னாடம் அந்த மாடிக் கதைதான். ‘ஞாபகம் இருக்காடி’ன்னு என்னையும் கேப்பாளுக.”

“என்ன சொல்லுவீக?”

“இருக்குன்னுதான் போடுவேன்.”