பாவாடைக்கு ஒரு பேசன்

எங்க மாமா ஒண்ணு சொல்வாரு டாக்டரம்மா. படம் காட்டிக் கேள்வி கேக்கறவங்க வீடு தேடி வந்தா மொதல்ல... மொதல்ல என்னவோ பண்ணணும்பாரு. கதவச் சாத்தணும்னாரா, காபி போடணும்னாரா, பாதிதான் ஞாபகம் இருக்கு. நான் காபி போட்டுட்டேன். என்னது, டாக்டர் இல்லியா நீங்க? சைக்காலஜிஸ்ட்டா? சரி விடுங்க, வாய்க்கு டாக்டரம்மான்னே வருது.

ரொட்டி குடுத்தாளா உங்களுக்கு? கை பூரா ஜாமு ஆயிடுச்சே. அதான் ஷார்லோட்டா, நீங்க பரீட்சை வெச்ச புள்ள. அவளுக்குப் பிடிச்சவங்களுக்கு மட்டும் ரெண்டு பக்கமும் தடவிக் குடுப்பா.

ஐயய்யோ, இருங்க இருங்க! அதுல கை வெக்காதீங்க! அந்தச் செவப்பு பேசன் பாவாடைக்கு. நீலம் சட்டைக்கு. கை கழுவ இந்தச் சொம்பு, நான் ஊத்தறேன், நீட்டுங்க.

ஆமா, தனித்தனிதான். இடுப்புக்கு மேல போடறது வேற, கீழ போடறது வேற. ரெண்டையும் ஒண்ணா ஊற வெச்சா அப்பறம் அந்தச் சட்டைய இந்த வீட்ல யாரும் தொட மாட்டாங்க. நடக்கக் கத்துக்கறப்பவே புள்ளைங்களுக்கு இது தெரியும். உங்களுக்குத் தெரியாதது தப்பில்ல. ஒரு தடவ சொன்னதும் கைய எடுத்துட்டீங்க பாருங்க, நல்ல புத்திசாலி நீங்க. நான் எழுதிக் குடுக்கறேன் வேணும்னா.

சிரிச்சிட்டீங்க. நல்லது. இப்ப சொல்லுங்க, அன்னிக்கி அவகிட்ட என்ன படம் குடுத்தீங்க? தட்டு, டம்ளர், சட்டை, தலைத்துணி, பாவாடை, காலுறை. ஒண்ணோட ஒண்ணு சேர்றத சேத்து வைன்னீங்க. நீங்க எதிர்பாத்தது ரெண்டு கூட்டம். துணி ஒண்ணு, சாமான் ஒண்ணு. அவ மூணு வெச்சா. தட்டும் டம்ளரும், சட்டையும் தலைத்துணியும், பாவாடையும் காலுறையும். அப்பறம் நீங்க என்ன பண்ணீங்க? சரி பண்றேன்னு பாவாடையத் தூக்கி சட்டை மேல வெச்சீங்க! அவ புடுங்கி எறிஞ்சுட்டு, கை கழுவத் தண்ணி எங்கன்னு தேடிப் போயிட்டா. வகை பிரிக்கத் தெரியல, முரட்டுத்தனம், கவனமில்லைன்னு எழுதிட்டீங்க. அம்மணி, வந்தப்ப உங்கள வரவேற்க வந்துச்சே எங்க நாய், அது முன்னாடி நீங்க அப்படி வெச்சிருந்தா அதுகூட எந்திரிச்சுப் போயிருக்கும்.

லேசான மனவளர்ச்சிக் குறைன்னு முடிச்சிருக்கீங்க. லேசுன்னா எவ்ளோ லேசு? காபிக்குப் போடற சக்கர அளவுக்கா? எங்க சனம் இருக்கற இந்தக் குடியிருப்புல பாதிப் பேருக்கு அது இருக்கு. காத்துல வருதோ தண்ணியில வருதோ தெரியல. பாலத்துக்கு அந்தப் பக்கம், உங்க ஆளுங்க இருக்கற எடத்துல மட்டும் யாருக்கும் ஒட்டவே மாட்டேங்குது. இதே வாசல்ல வெளையாடின புள்ளைங்க நாலஞ்சு இங்கிலாந்துக்குப் போச்சுங்க. நான் இருக்கற ஷெஃபீல்டுலயே பாத்தேன், சாதாரண பள்ளிக்கூடத்துல, சாதாரண வகுப்புல உக்காந்திருக்குதுங்க. விமானத்துலயே கொணமாயிருக்கும் போல.

இல்ல இல்ல, அவள அனுப்பச் சொல்றீங்களே, அந்த ஸ்பெஷல் ஸ்கூல் டீச்சருங்க நல்லவங்கதான், நான் குத்தம் சொல்லல. வகுப்பு சின்னது, ஆமா. சூப்பு சூடா போடுவாங்க, ஆமா. ஆனா தண்டவாளத்தத் தாண்டி அங்க போன ஒரு புள்ளயாவது இந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பி வந்துச்சா? யோசிச்சுச் சொல்லுங்க. காபி ஆறட்டும், பரவால்ல.

வரலல்ல.

வெளிய சத்தம் கேக்குதே, அது என் தம்பி அலாதார். ஷார்லோட்டாவோட அப்பன். வெறகு பொளக்கறான். பொளந்த வெறகையே திரும்பப் பொளக்கறான், நீங்க போற வரைக்கும் உள்ள வர மாட்டான். நீங்க நீட்டற காகிதம் எதுவானாலும் கையெழுத்துப் போட்டுருவான், அது அவனுக்கே தெரியும். அதான் எனக்கு ஃபோன் போட்டு, நீ வந்து பேசுன்னான்.

என்ன மாதிரியே இருக்கானா? மீசைய எடுத்துட்டா எங்கம்மாவே தடுமாறும். ரெட்டைங்க நாங்க. ஒரே வயிறு, ஒரே தொட்டில். ஒரே பொய்ய ரெண்டு பேரும் ஒரே மாதிரி சொல்லி ஒரே மாதிரி அடி வாங்குவோம். ஆறு வயசுல ஒரு அம்மா படத்தோட வந்தாங்க. உங்கள மாதிரிதான், நல்ல மாதிரி. அன்னிக்கி எனக்குப் பொன்னுக்கு வீங்கி. கன்னம் ரெண்டும் பூசணிக்கா. கிட்டப் போனா ஒட்டிக்கும்னு என்ன ஒண்ணுமே கேக்கல. நான் எந்திரிச்சப்ப அந்தம்மா ஊரவிட்டே போயாச்சு. ஊர்ப் பள்ளிக்கூடத்துல ஒண்ணாம் வகுப்புக்கு ஆள் கொறையுதுன்னு என்னச் சேத்துக்கிட்டாங்க. அப்படியே ரெண்டு பாஷையில படிச்சு, இங்கிலாந்துக்குப் போயி, இப்ப உங்க முன்னாடி வாயடிச்சிட்டிருக்கேன்.

அவன் தண்டவாளத்தத் தாண்டிப் போனான். ஒம்பது வருஷம் காகிதம் மடிச்சான்.

எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல இருந்த வித்தியாசம் பொன்னுக்கு வீங்கிதான் டாக்டரம்மா.

பேனாவ உள்ள வெச்சிருங்க. நான் ஷெஃபீல்டுக்குத் திரும்பப் போகல. திங்கக்கெழம காலைல அவள ஊர்ப் பள்ளிக்கூடத்துல சேக்கறேன்.