சுற்றிக்கொண்டே இருந்த பக்கம்

இந்தக் காலத்தில் எவனும் எழுந்து போய் ஒன்றைப் பார்ப்பதில்லை. பக்கத்து அறை பற்றி எரிந்தாலும் திரையில் வந்தால்தான் நம்புவான். அது எனக்கு வசதியாகப் போயிற்று ஐயா.

அந்தக் கம்பெனியில் சர்வர் அறை ஏசிக்கு நான்தான் ஆபரேட்டர். மேல்மாடியில் என் மகள் புரோகிராம் எழுதினாள். ஆஸ்பத்திரியிலிருந்து நோயாளிகளின் விவரமெல்லாம் எக்ஸ்எம்எல் என்ற வடிவத்தில் வரும். நர்ஸ் கேட்கும்போதெல்லாம் அதை உருமாற்றி, படிக்கிற பக்கமாகக் காட்ட வேண்டும். உருமாற்றும் புரோகிராம் அவளுடையது. பக்கம் மெதுவாகத் திறந்தது. டீம் லீடர் அத்தனை பேர் முன்னாலும், "நீ எழுதினது குப்பைம்மா, கிளம்பு" என்றான். வீட்டுக்கு வந்தவள் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள். சோறு இறங்கவில்லை.

அவள் எழுதியதை அழித்துவிட்டு அவனே எழுதினான். பக்கம் பறந்தது. கேக் வெட்டினார்கள்; எனக்கும் ஒரு துண்டு வந்தது. தின்றேன். பிறகு போய் ஏசியை அணைத்தேன்; அன்றிலிருந்து தினமும்.

சூடு ஏறினால் சர்வர் மெஷின் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பக்கம் மறுபடி மெதுவாயிற்று. சூடு காட்டுகிற மீட்டர் கெட்டுப்போனதை முன்பே சொல்லியிருந்தேன். யார் காதில் போட்டுக்கொண்டார்கள்? அவன் வரி வரியாகப் பிழை தேடினான். நடுநடுவே போன் செய்வான்.

"பெரியவரே, கூலிங் ஓடுதா?"

"ஜம்முனு ஓடுது தம்பி. நீங்க எழுதினதை நல்லாப் பாருங்க."

அவன் கண் குழி விழுந்துபோனதைப் பார்க்க எனக்கு நிறைவாக இருந்தது.

ஒரு மத்தியானம் வார்டில் ஒரு பெண்ணுக்கு ஊசி போட வேண்டியிருந்தது. எந்த மருந்து அவளுக்கு ஆகாது என்பது அந்தப் பக்கத்தில் இருந்தது. பக்கம் சுற்றிக்கொண்டே இருந்தது. நர்ஸ் காத்துப் பார்த்தாள், பிறகு போட்டுவிட்டாள். செத்தவளுக்கு என் மகள் வயது என்றார்கள். கேட்டுக்கொண்டேன். மறுநாளும் அணைத்தேன். அவனை இன்னும் வேலையைவிட்டு அனுப்பவில்லையே.

நேற்று அனுப்பினார்கள். சந்தோஷப்படுவாள் என்று மகளிடம் எல்லாம் சொன்னேன். அவள்தான் ஸ்டேஷனுக்கு வந்து உங்களிடம் சொல்லியிருக்கிறாள்.

"டீம் லீடர் சொன்னது சரிதான்ப்பா. பக்கத்துல ஒவ்வொரு வரிக்கும் மொத்த விவரத்தையும் முதல்லேர்ந்து தேட வெச்சுட்டேன், அதான் மெதுவாச்சு. தப்பு என்னோடதுதான்" என்று நான் சொன்னதைக் கேட்டதும் அழுதாள்.

அவன் மிரட்டியிருப்பான். அவள் வாயில் அவன் பேசுகிறான்.

கையெழுத்துப் போட்டாயிற்று. லாக்கப் எந்தப் பக்கம்? பிடிக்க வேண்டாம், நானே நடக்கிறேன். என் மகள் எழுதியதில் தப்பு இருந்திருக்காது.